ராஷ்கார்டில் விலைக்குக் கிடைக்காதது

பிரேசிலிய ஜியு-ஜிட்சு பழகுகிறவர்கள் பிடிகளைப் பற்றிப் பேசி முடித்த கையோடு உடையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். ஹயபூசா உழைக்குமா, தாதாமி போதுமா, ஷோயோரோலுக்கு அவ்வளவு விலை தகுமா என்று நிறுவனப் பெயர்களாகவே பேச்சு நீளும். பேசப்படுவது ராஷ்கார்டு என்னும், உடலோடு ஒட்டிய ஒரு மேலுடை. பாலியெஸ்டரும் ஸ்பாண்டெக்ஸும் கலந்த துணி; அலைச்சறுக்கு வீரர்களிடமிருந்து மல்யுத்தக் கூடத்துக்கு வந்தது. பலகை உராய்ந்து அவர்கள் தோல் சிவக்காமல் காத்த துணி, இங்கே பாய் உராயாமல் காக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது கடைத்தெருப் பேச்சுதான். ஆனால் அறவியலின் பழைய கேள்வி ஒன்று அதற்குள் இருக்கிறது: பயிற்சியால் மட்டுமே வரக்கூடிய மதிப்பை விலை கொடுத்து வாங்க முடியுமா? முடியாது என்று எல்லோரும் உடனே சொல்லிவிடுவோம். சொல்லிவிட்டு வாங்கவும் போவோம்.

இந்தக் கலையில் தகுதியைக் காட்டும் இடுப்புப் பட்டை எப்படி வந்தது என்று பார்த்தால் கேள்வி தெளிவாகும். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் கோடோகான் என்னும் பள்ளியை நிறுவினார். அடுத்த ஆண்டு மாணவர்கள் இருவருக்கு முதல் ‘டான்’ தகுதியை வழங்கினார். அவர் மரபில் வந்த மிட்சுயோ மாயேடா 1914இல் பிரேசிலுக்குப் போனார். அங்கே பிரேசிலிய ஜியு-ஜிட்சுவை வளர்த்த கிரேசி குடும்பத்துக்குக் கலை அவர் வழியாகச் சேர்ந்தது. இன்று பெரியவர்களுக்கு வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என ஐந்து பட்டைகள். சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி நீலத்தில் குறைந்தது 2 ஆண்டுகள், ஊதாவில் 18 மாதங்கள், பழுப்பில் 1 ஆண்டு கழிக்க வேண்டும். ‘கி’ என்னும் பருத்தி உடை இல்லாமல் மோதும்போது இடுப்பில் பட்டை இருக்காது. அதனால் ராஷ்கார்டு கறுப்பு, வெள்ளை அல்லது இரண்டும் கலந்ததாக இருந்து, அதில் குறைந்தது 10 சதவீதம் தகுதியின் நிறம் தெரிய வேண்டும் என்கிறது கூட்டமைப்பு. முழுக்க அந்த நிறமாகவும் இருக்கலாம். துணியை யாரும் காசு கொடுத்து வாங்கலாம். அந்த நிறத்தை அணியும் உரிமையை மட்டும் ஆசிரியர்தான் தர வேண்டும். தகுதியில்லாமல் ஊதா அணிந்து வருகிறவரை எந்த நீதிமன்றமும் விசாரிக்க வேண்டியதில்லை. எதிராளி கழுத்தைப் பிடித்ததும் விசாரணை முடிந்துவிடும்.

நெஞ்சில் அச்சிட்ட நிறுவனப் பெயருக்கு இப்படி ஒரு சோதனை கிடையாது. வேறுபாடு அங்கேதான். தத்துவ அறிஞர் அலஸ்டேர் மேக்கின்டையர் 1981இல் வெளியிட்ட ‘ஆஃப்டர் வர்ச்சூ’ நூலில், ஒரு பயிற்சிக்கு உள்ளேயே விளையும் நன்மைகளையும் வெளியிலிருந்து வந்து ஒட்டும் நன்மைகளையும் பிரித்துக் காட்டுகிறார். மிட்டாய்க்காகச் சதுரங்கம் ஆடும் சிறுவனுக்கு ஏமாற்றி ஆடக் காரணம் உண்டு. ஆட்டத்தின் நுட்பத்துக்காகவே ஆடத் தொடங்கிய பிறகு ஏமாற்றினால் தோற்பது அவன்தான். தகுதி நிறம் உள்விளைவின் அடையாளம். நிறுவனப் பெயர் மிட்டாய் வகை. ஆனால் உள்விளைவின் சாயலைப் பூசிக்கொண்டு வருகிறது. கலிஃபோர்னியாவின் ஷோயோரோல் தன் உடைகளைச் சிறு சிறு தொகுதிகளாக வெளியிடுகிறது. அவை சட்டென்று விற்றுத் தீர்கின்றன, பிறகு கூடுதல் விலைக்குக் கைமாறுகின்றன. அரிதாக இருப்பதால் மதிப்பு ஏறுகிறது. கறுப்புப் பட்டையும் அரிதுதான். ஆனால் அது ஆண்டுகளின் அருமை, இது இருப்பு எண்ணிக்கையின் அருமை.

தரத்தில் வேறுபாடே இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது, அதை மறுக்க வேண்டியதில்லை. தட்டையாகப் படியும் ஃபிளாட்லாக் தையல் உரசாது. புடைத்த தையல் கழுத்தோரத்தைப் புண்ணாக்கும். சப்ளிமேஷன் முறையில் சாயம் இழைக்குள் இறங்குவதால் படம் வெடிக்காது. மேலே ஒட்டிய அச்சு நாளடைவில் உரிந்து வரும். இடுப்பு விளிம்பில் சிலிக்கோன் பட்டி இருந்தால் உடை மேலே ஏறாது. படர்தாமரை போன்ற தோல் நோய்கள் பரவும் கூடத்தில் தோலை மூடுவது வெறும் அலங்காரமல்ல. ஆனால் கவனியுங்கள்: இவை ஒவ்வொன்றையும் பெயர் பார்க்காமலே, கையால் தடவி, சீட்டில் இழை விகிதத்தைப் படித்து அறியலாம். பாகிஸ்தானின் சியால்கோட் நகரத்துத் தொழிற்சாலைகள் பல நாட்டு நிறுவனங்களுக்குத் தற்காப்புக் கலை உடைகளைத் தைத்துக் கொடுக்கின்றன. தையலின் தரம் ஒன்று, அதன் மேல் ஏறும் பெயர் வேறொன்று. ஆகவே தரத்தைச் சொல்லிப் பெயரை நியாயப்படுத்தும் வாதம் நிற்காது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அழகும் ஒரு நன்மைதானே, மனிதர்கள் எந்தக் காலத்தில் தாம் மதிப்பதை உடலில் அணியாமல் இருந்தார்கள்? திருநீறும் சிலுவையும் கடையில் கிடைப்பவைதான். சரியான கேள்வி. ஆனால் திருநீறு அணிகிறவர் அதற்கேற்ப வாழ வேண்டும் என்று சுற்றியிருப்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள், வாழாவிட்டால் ஏசுகிறார்கள். அந்த எதிர்பார்ப்புதான் அடையாளத்துக்கு உயிர். நிறுவனப் பெயரை அணிந்தவரிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. தாருமா முகம் அச்சிட்ட ராஷ்கார்டுகளைப் பார்க்கும்போது இது கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கிறது. தாருமா என்பவர் போதிதர்மர். தென்னிந்தியாவிலிருந்து சீனம் போனவர் என்று மரபு சொல்கிறது, காஞ்சிபுரத்தை அவருடைய ஊராக நம்மவர்கள் கொண்டாடுகிறார்கள். சீனத்தின் லியாங் வம்ச மன்னர் வூ தாம் கட்டிய விகாரைகளையும் எழுதுவித்த சூத்திரங்களையும் சொல்லி, இவற்றால் எவ்வளவு புண்ணியம் என்று கேட்டாராம், ஒன்றுமில்லை என்றாராம் போதிதர்மர். செலவுக்குப் புண்ணியம் சேராது என்று சொன்னதாக நினைவுகூரப்படுகிறவரின் முகம் செலவு செய்ய வைக்கும் படமாகிவிட்டது.

எனவே ராஷ்கார்டு வாங்குகிறவருக்கு என் பரிந்துரை இதுதான்: முதலில் தையலைப் பாருங்கள், அடுத்து இழை விகிதம், பிறகு அளவு, பிறகு விலை. உங்கள் ஆசிரியர் தந்த நிறம் சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெயரைக் கடைசியில் பாருங்கள். பிடித்திருந்தால் பிடித்ததற்காகவே வாங்குங்கள், வேறு காரணம் சொல்ல வேண்டாம்.