உப்பில்லாத கீரை

தை பிறந்துவிட்டால் மரக்காணத்து உப்பளங்களில் வேலை சூடு பிடிக்கும். பாத்தியில் நிறுத்திய நீர் வெயில் ஏற ஏற வெள்ளையாகப் பூக்கிறது. கழுவெளிச் சதுப்புநிலத்தை ஒட்டிய ஊர்களிலிருந்து பெண்கள் இருட்டோடு கிளம்பிப் போய்விடுகிறார்கள். வரப்பில் வைத்த கைபேசியில் பரவை முனியம்மா பாடிக்கொண்டிருக்கிறார், ‘தூள்’ படத்துப் பாட்டு. கூடையோடு நடக்கிற யாரும் கூடச் சேர்ந்து பாடுவதில்லை. பாட மூச்சு வேண்டும். தலையில் உப்புச் சுமை இருக்கையில் மூச்சு மிஞ்சாது.

உழைப்பில் பிறந்தது நாட்டுப்புறப் பாட்டு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறோம். நடவுக்கும் ஏற்றத்துக்கும் அது சரி. எல்லா உழைப்பும் பாட விடுவதில்லை.

*

‘தூள்’ வந்தது 2003இல். பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டு திண்ணையில் உட்கார வேண்டிய வயதில் முனியம்மாவைத் தமிழ்நாடே அடையாளம் கண்டுகொண்டது. அதற்கு முன்பே பல்லாண்டு காலம் கோயில் திருவிழா மேடைகளில் பாடி வந்தவர். பிறகு படங்கள், தொலைக்காட்சியில் கிராமத்துச் சமையல், கலைமாமணி. 2015இல் நோயும் வறுமையும் சேர்ந்து வந்தபோது அரசு 6 லட்சம் ரூபாயை வைப்புநிதியாகப் போட்டு, வட்டி மாதாமாதம் கைக்கு வர ஏற்பாடு செய்தது. 2020 மார்ச் 29, ஊரடங்கின் ஐந்தாம் நாள், அவர் காலமானார்.

கடைசிக் காலத்தில் அவர் கேட்டது, தனக்குப் பின் அந்த உதவி மகனுக்குத் தொடர வேண்டும் என்பது. இன்னொரு மேடை வேண்டும் என்று கேட்கவில்லை. அவ்வளவு பெரிய குரல் கடைசியில் ஒரு தாயின் கணக்காக முடிந்ததை நினைத்தால், அவரைக் குறைத்துச் சொல்லத் தோன்றவில்லை. அந்தக் கணக்கைப் பாட்டில்லாமல் தனியாகச் சுமக்க விட்டவர்களைப் பற்றித்தான் சொல்லத் தோன்றுகிறது.

இன்னொரு நாட்டுப்புறப் பாடகர் கொல்லங்குடி கருப்பாயியின் கதை வேறு மாதிரி. வானொலியில் பாடினார், 1985இல் ‘ஆண்பாவம்’ படத்தில் பாட்டியாக வந்து எல்லாரையும் சிரிக்க வைத்தார், பிறகு தன் ஊருக்கே திரும்பிவிட்டார். 2025 ஜூனில் 99ஆம் வயதில் அங்கேயே போய்ச் சேர்ந்தார். சினிமா அவரை விட்டதா, அவர் சினிமாவை விட்டாரா என்று கேட்கிறவர்கள் உண்டு. ஊருக்குத் திரும்புவதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி எழும்.

*

மரக்காணத்திலிருந்து கடற்கரையோடு தெற்கே போனால் காலாப்பட்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் நாட்டுப்புறப் பாடகர் கே. ஏ. குணசேகரன் பாடம் நடத்தியது அங்கேதான். 1955இல் இளையான்குடிப் பக்கம் மாரந்தையில் பிறந்தவர். இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாட்டை அவர் தொண்டையில் கேட்டவர்கள் வேறு யார் பாடினாலும் ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள். ‘வடு’ என்று தன் கதையை எழுதினார். நாட்டுப்புறப் பாட்டில் ஆய்வு செய்தார், நாடகம் எழுதினார், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநரானார். 2016 ஜனவரி 17 அன்று புதுச்சேரியில் காலமானார்.

அவரை நினைக்கும்போது ஒரு பழைய பேச்சும் கூடவே நினைவுக்கு வரும். வயிறு நிறைந்தால் பாட்டு செத்துவிடும், பட்டினி கிடக்கிறவன் குரலில்தான் உண்மை இருக்கும் என்பார்கள். குணசேகரன் மாதம் முதல் தேதி சம்பளம் வாங்கியவர். அவர் பாட்டில் கோபம் ஒரு குண்டுமணி அளவு குறைந்ததா? பட்டினியைப் பாட்டுக்கு உரம் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து கேட்கிறவர்கள்.

அந்தப் பள்ளிக்குப் பெயர் தந்த சங்கரதாஸ் சுவாமிகள் நாடகத்துக்கு வருமுன் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்தவர். குடும்பம் என்று ஒன்று வைத்துக்கொள்ளவில்லை. 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. உப்பை விட்டுப் பாட்டுக்குப் போனவர் உப்புக்காற்று வீசும் ஊரில் அடங்கினார் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். கடைசி நாட்களில் பக்கவாதம் அவர் பேச்சை முடக்கிப் போட்டதை எழுதும்போது அந்த அழகு நிற்காது.

*

சிறுபாணாற்றுப்படையை மறுபடி எடுத்துப் படித்தேன். பரிசில் பெற்ற பாணன் இன்னொரு பாணனுக்கு வள்ளலிடம் போக வழி சொல்லும் அந்தச் சங்கப் பாட்டு நம் பக்கத்துப் பாட்டு. பாடியவர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழி நாடு மரக்காணத்துக்கு வடக்கே இருக்கிறது. பாடப்பட்டவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன்; அவன் ஊரின் பெயர் கிடங்கில்; அது இன்றைய திண்டிவனத்துக்குள் இருக்கிறது. வழியில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அங்கே அலை ஒதுக்கிய வாசனை மரங்கள் படுத்துறங்கும் ஒட்டகங்கள் போலக் கிடக்கின்றனவாம். பரதவர் வீட்டில் கள்ளும் சுட்ட மீனும் கிடைக்குமாம். அதே பாட்டில், கொற்கைப் பக்கம், உப்பு வண்டிக்காரர்களின் பிள்ளைகளோடு ஒரு பெண்குரங்கு, கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பை ஆட்டுகிறது.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது பரிசில் கிடைப்பதற்கு முன் அந்தப் பாணன் வீட்டில் இருந்த அடுக்களை. சுவர் இற்றுக் காளான் பூத்திருக்கிறது. கண் திறக்காத குட்டிகள் முட்டியும் பால் சுரக்காத நாய் குரைக்கிறது. அந்த வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். யாராவது பார்த்துவிடுவார்களே என்று கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறார்கள். உப்பு வண்டி ஓடிய நாட்டில், பாடுகிறவன் வீட்டுக் கீரையில் உப்பில்லை.

நல்லியக்கோடன் நல்ல உடை தந்து, தானே நின்று சோறு போட்டு, தேரும் கொடுத்து அனுப்புகிறான். பரிசிலை அன்றைக்கே கொடுத்து அனுப்புவான் என்பதைப் புலவர் மறக்காமல் சொல்லிவிடுகிறார். நாளைக்கு வா என்று அலைய விட்ட வள்ளல்களும் அந்தக் காலத்தில் இருந்திருக்க வேண்டும்.

*

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பங்குனிக்கு மேல் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. கூத்துக் குழுவான ஜமாவில் துரியோதனன் வேஷம் கட்டுகிறவர் பகலில் சுமை தூக்குவார், கட்டட வேலைக்குப் போவார். உப்புக் காலமும் கூத்துக் காலமும் ஒரே வெயிலில்தான் வருகின்றன. ஐப்பசி மழை இறங்கினால் பாத்தியும் கரைந்துவிடும், கூத்துக்குக் கொடுக்கும் அச்சாரமும் நின்றுவிடும். அந்த மாதங்களில் ஜமாவைத் தேடி வருவது பெரும்பாலும் சாவு வீட்டுக்காரர்கள்தான். காரியத்தன்று இரவு ‘கர்ண மோட்சம்’ ஆட வேண்டும். யாராவது செத்தால்தான் அடுப்பு எரியும் என்கிற நிலைமையை அவர்கள் வேடிக்கை போலச் சொல்லிக்கொள்வார்கள்.

வேஷக்காரர் ஒருவரின் மனைவி, உப்பளத்துக்குப் போகிறவர், ஒருநாள் சொன்னார்: “எங்கூட்டுக்காரரு ராத்திரி பூரா ராஜா, தம்பி. காலையில அரிதாரத்த கழுவ எண்ணெ இருக்கான்னு எங்கிட்ட கேப்பாரு.” தன் கணவரின் ஆட்டத்தை அவர் ஒருநாளும் முழுக்கப் பார்த்ததில்லையாம். விடிந்தால் வேலை இருக்கிறதே. முப்பது கிராமம் கைதட்டிய வேஷத்தைக் கட்டியவரின் வீட்டில் பார்க்க ஆளில்லை.

அவர்கள் பிள்ளைகளில் யாரும் வேஷம் கட்டவில்லை. அது கலையின் வீழ்ச்சி என்று கட்டுரை எழுதுகிறவர்கள் தங்கள் பிள்ளையை ஒரு ஜமாவில் சேர்த்துவிட்டு எழுதட்டும்.

*

நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. அட்டை இருந்தால் கல்விக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஏதோ உதவி கிடைக்கிறது. உங்கள் ஊரில் வேஷம் கட்டுகிறவர், ஒப்பாரி பாடுகிறவர், பம்பை அடிக்கிறவர் இருந்தால் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். திருவிழாவுக்கு ஜமாவைக் கூப்பிட்டால், மீதிப் பணத்தை ‘அடுத்த வாரம் வசூல் முடியட்டும்’ என்று தள்ளாதீர்கள். கூத்து முடிந்து அவர்கள் அரிதாரம் கலைப்பதற்குள் எண்ணிக் கையில் கொடுத்துவிடுங்கள். எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை வீட்டம்மாவுக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.