தொழில் என்ன என்று கேட்கலாமா?

நம்மவர் இருவர் பள்ளிவாசல் வாயிலில் சந்தித்தால் ஸலாம் உரைப்பர், முஸாபஹா செய்வர், பிள்ளைகள் நலமா, ஊரில் மழை உண்டா என விசாரிப்பர். அதன்பின் ஒருவர், "யாவாரம் எப்படி?" என்பார். மற்றவர், "அல்ஹம்துலில்லாஹ், ஏதோ ஓடுகிறது" என்பார். அத்துடன் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். கேட்டவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. சொன்னவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ஆயினும் இருவரும் மரியாதை நிறைவேறிய திருப்தியுடன் செருப்பை மாட்டிக்கொண்டு போவர். ஓடுகின்ற அந்த யாவாரம் யாது, கடை சொந்தமா, கூட்டா, அல்லது மாதச் சம்பளத்துக்கு நிற்கிறாரா என்பது பத்தாண்டு பழகிய பின்னரும் தெரியாமலே இருப்பதுண்டு. அடுத்த கதவில் குடியிருப்பவர் விஷயமும் இதுவே. இந்த மௌனத்தை நல்லொழுக்கம் என்பதா, குறை என்பதா? வணிகர்களாகிய நாம் இதனைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்பது நல்லது.

மௌனத்தின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. தொழிலைப் பற்றி மறைத்துப் பேசுவது தமிழர்க்குப் பழைய வழக்கம். நன்னூல் அதற்கு இலக்கணத்திலேயே இடம் கொடுத்திருக்கிறது. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி ஒரு பொருளுக்கு வேறு பெயர் இட்டு வழங்குவதைக் குழூஉக்குறி என்பர். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதை உரையாசிரியர்கள் உதாரணமாகக் காட்டுவர். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். துணிக்கடைக்காரர் அடக்கவிலையை எழுத்துக் குறியாகச் சீட்டில் எழுதி வைப்பதும் இந்த வகையே. அதில் வஞ்சனை ஏதும் இல்லை. நன்னூலார் அதே இடத்தில் மங்கலம் என்பதையும் சொல்கிறார்; அமங்கலமான ஒன்றை மங்கலச் சொல்லால் மறைத்துச் சொல்வது அது. நமது "அல்ஹம்துலில்லாஹ்" இந்நாளில் குழூஉக்குறியும் மங்கலமும் ஒருங்கே ஆகிவிட்டது போலும்! இறைவனைப் புகழும் வாசகத்தைக் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் பயன்படுத்துவது சரிதானா என்பதை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன்.

திருமறையிலும் மறைத்தலுக்குச் சான்று உண்டு. யூசுப் (அலை) தாம் கண்ட கனவைச் சொன்னபோது, அதனைச் சகோதரர்களிடம் சொல்லிவிடாதே என்று தந்தை யஃகூப் (அலை) தடுத்தார்கள். பின்னொரு காலத்தில் தம் மக்கள் அனைவரும் ஒரே வாயிலில் நுழையாமல் வெவ்வேறு வாயில்களில் நுழையட்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். கண்ணேறும் பொறாமையும் இருக்கின்ற உலகத்தில் செல்வத்தைக் கடைவீதியில் விரித்துக் காட்டுவது புத்திசாலித்தனம் ஆகாது. ஆனால் ழுஹா அத்தியாயத்தின் இறுதி வசனமோ, இறைவன் தந்த அருட்கொடையை எடுத்துச் சொல்லும்படி ஏவுகிறது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. எதை மறைப்பது, எதைச் சொல்வது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம்.

முன்னாளில் இத்தடுமாற்றத்துக்கு வேலையே இருக்கவில்லை. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையே எழுந்தபோது அத்தெருவின் முன்னே கடல் இருந்தது. தோணியில் சரக்கு ஏற்றியவரும், கரையில் கணக்கு எழுதியவரும், நாணயம் மாற்றியவரும் ஒரே பள்ளியில் தொழுதனர். பின்வந்த தலைமுறையினர் கீழே கடை, மேலே படுக்கை என்றிருந்த கடைவீடுகளில் வாழ்ந்தனர். இரவில் கடையைக் கட்டிய பின் பையன்கள் அங்கேயே பாயை விரிப்பர். ஒருவர் என்ன தொழில் செய்கிறார் என்பதைக் கேட்க வேண்டியதில்லை. அவர் சட்டையின் வாசமே சொல்லிவிடும். மசாலைக் கடை மாமா, புத்தகக்கடை நானா என்று தொழிலே பெயரோடு ஒட்டிக்கொண்டது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தொடங்கியது. அதன் அடுக்குமாடிகள் எழ எழக் கடை ஓரிடம், வீடு ஓரிடம் என்றாயிற்று. நாணய மாற்றுக்குப் பேர்போன பழைய சேஞ்ச் அல்லி 1989இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையால் ஒவ்வொரு புளோக்கிலும் சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் கலந்து வாழலாயினர். இன்று மின்தூக்கியில் நம்மோடு ஏறுபவர் காலையில் எங்கே போகிறார் என்பதை அவர் சட்டை சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை.

கேளாமல் இருப்பதால் என்ன கெட்டுவிட்டது என்பீர்களாயின், 2020ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மலேசியாவில் மார்ச் 18இலும் சிங்கப்பூரில் ஏப்ரல் 7இலும் கட்டுப்பாடுகள் தொடங்கின. உணவுக்கடைகள் பொட்டலம் கட்டியாவது பிழைத்தன. பயணிகளையே நம்பியிருந்த நாணய மாற்றுக்காரரின் நிலையோ வேறு. சிங்கப்பூரில் ஜூன் மாதத்தில் தளர்வு வந்தும் அவருக்கு விடியவில்லை. தடுப்பூசி போட்டவர்களுக்கு ஜொகூர்ப் பாலம் தாராளமாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் நாளில்தான். ஏறத்தாழ இரண்டாண்டு! அந்த இரண்டாண்டிலும் அவரிடம், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டவர்களுக்குக் குறைவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்ற பதிலுக்கும் குறைவில்லை. அவர் என்ன தொழில் செய்கிறார் என்பதை அறிந்திருந்த அண்டைவீட்டார், எல்லை மூடிய செய்தியைப் பத்திரிகையில் படித்தவுடனே அவர் அடுப்பை நினைத்திருப்பார். அறியாதவர் எதை நினைப்பார்?

தன் பக்கத்தில் அண்டைவீட்டான் பசித்திருக்க, தான் வயிறார உண்டு உறங்குபவன் தம்மை ஈமான் கொண்டவனாகான் என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் அடிக்கடி கேட்கிறோம். அனஸ் (ரலி) வழியாக வரும் அறிவிப்பில், அதை அவன் அறிந்திருந்த நிலையில் என்னும் சொற்களும் உள்ளன. அறியாதவன் மீது குற்றம் இல்லை என்று இதிலிருந்து ஒருவர் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் பகரா அத்தியாயத்தின் 273ஆம் வசனத்தையும் அதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். கைநீட்டிக் கேட்காத மானமுள்ள ஏழைகளைப் பற்றிப் பேசுமிடத்தில், அவர்களுடைய தன்னடக்கத்தைக் கண்டு அவர்களைச் செல்வர் என்று எண்ணுகிறவனை அவ்வசனம் அறியாதவன் என்கிறது. அவர்களுடைய அடையாளத்தைக் கொண்டு அவர்களை அறிந்துகொள்ளலாம் என்றும் சொல்கிறது. ஆகவே, அறிந்துகொள்ளும் வழி இருந்தும் அறியாமல் இருப்பவன் நிலை வேறு. தெரிந்துவிட்டால் கடமை வந்துவிடுமே என்று தெரிந்துகொள்ளாமலே பத்தாண்டைக் கழிப்பதை எந்த நியாயத்தில் மரியாதை என்று சொல்வது? அடுத்த வீட்டார் முஸ்லிமல்லவே என்பதும் இங்கே சாக்காகாது. ஆட்டை அறுத்தபோது, நம் யூத அண்டைவீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று வீட்டாரிடம் விசாரித்த நபித்தோழர் அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள், அண்டைவீட்டாரின் உரிமை பற்றிய நபிமொழியையே அதற்குக் காரணமாகச் சொன்னார்கள்.

இவ்வளவும் சொல்வதால் ஒவ்வொருவர் கல்லாப்பெட்டியையும் எட்டிப் பார்க்கச் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். துருவித் துருவி ஆராய்வதைத் திருமறை தடுத்திருக்கிறது. கேட்பவர்களில் ஒரு சாரார் எடை போடுவதற்காகவே கேட்கிறார்கள் என்பதும் உண்மை. "என்ன வேலை?" என்பது முதற்கேள்வி, "மாதம் எவ்வளவு வரும்?" என்பது இரண்டாவது, மூன்றாவது கேள்வி கேட்கப்படுவதில்லை, ஏனெனில் அதற்குள் நாற்காலி எங்கே போடுவது என்று முடிவாகிவிடும். இப்படிப்பட்டவர்களிடம் வாயை மூடிக்கொள்பவரை யார் குறை சொல்வார்? பிறர் வீட்டில் நுழைய அனுமதி கேட்கும் முறை நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது: மூன்று முறை கேட்கலாம், விடை இல்லையேல் திரும்பிவிட வேண்டும். தொழில் பற்றிய கேள்விக்கு ஒரு முறையே போதும் என்பேன். பிரியத்துடன் கேட்டுப் பார்த்து, கதவு திறக்காவிட்டால் முகம் கோணாமல் திரும்பலாம். வரவு, செலவு, இலாபம், சரக்கு வரும் இடம் இவையெல்லாம் அவருடைய பேரேட்டுக்குள் இருக்கட்டும். தொழில் யாது என்பது பேரேட்டில் உள்ள செய்தியன்று; கடைக்கு வெளியே தொங்கும் பலகையில் இருக்க வேண்டியது.

பலகையைத் தொங்கவிடக் கூச்சப்படுவோரும் உண்டு. ஊரில் அவரைச் சபராளி என்பர்; சிங்கப்பூரில் ஓட்டல் நடத்துகிறார் என்று பேச்சு. இங்கேயோ அவர் அந்த ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறார். ஊருக்குப் போகும்போது கடன் வாங்கியாவது பெட்டி நிறையச் சாமான் கொண்டு போகிறார். இந்தக் கூச்சத்தை அவர் மார்க்கத்திலிருந்து பெறவில்லை. ஜக்கரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று நபிகள் நாயகமே (ஸல்) சொல்லியிருக்கிறார்கள். மூஸா (அலை) அவர்கள் கூலிக்கு ஒப்பந்தம் பேசி ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். ஷாபிஈ மத்ஹபின் பெரும் இமாம்களில் ஒருவரான மர்வ் நகரத்து அல் கஃப்பால் அவர்கள் பூட்டுச் செய்யும் தொழிலாளி. முப்பது வயதளவில்தான் ஓதப் புகுந்தார்கள். கஃப்பால் என்றாலே பூட்டுக்காரர் என்பது பொருள். கிதாபுகளில் அப்பெயர் ஆயிரம் ஆண்டாக அப்படியே நிற்கிறது. அதை மாற்றி எழுத வேண்டும் என்று எந்த மாணவருக்கும் தோன்றவில்லை. பாத்திரம் கழுவும் சகோதரரைக் கூச்சப்பட வைத்தவர்கள் நாம்தாம். நாற்காலி போடும் இடத்தை மாற்றியவர்கள் நாம்தாம்.

தொழிலை மறைப்பதற்கு வணிகர் சொல்லும் இன்னொரு காரணம் போட்டி. சொன்னால் பக்கத்திலேயே கடை போட்டுவிடுவான் என்ற பயம். ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களிடம், அன்சாரியான ஸஃது பின் ரபீஉ (ரலி) அவர்கள் தாம் பெரும் செல்வர் என்பதை மறைக்காமல் சொல்லி, சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். வந்தவர் அதை ஏற்காமல் துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்றுதான் கேட்டார்கள். கைனுகா கூட்டத்தாரின் சந்தைக்கு வழி காட்டப்பட்டது. பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று அவர்கள் முன்னுக்கு வந்தார்கள். அக்கேள்வியை இன்று கடையநல்லூரிலிருந்தோ தென்காசியிலிருந்தோ வந்திறங்கும் வாலிபன் நம்மிடம் கேட்டால் என்ன விடை கிடைக்கும்? "இப்போ யாவாரமெல்லாம் சரியில்லை தம்பி" என்போம். பாதிச் சொத்தை யாரும் கேட்கவில்லை. வழியைக் காட்டுவதற்கே நா எழுவதில்லை.

மௌனம் மிகுந்த தீங்கு விளைப்பது சம்பந்தம் பேசும் வேளையில். பெண் வீட்டார் ஊரிலிருந்து தொலைபேசியில் விசாரிக்கிறார்கள்: உங்கள் புளோக்கில் இருக்கும் இன்னார் மகன் எப்படி? நாம் உடனே, "நல்ல பிள்ளை, ஜும்ஆவில் பார்க்கிறேன்" என்கிறோம். ஒருவருக்காகச் சாட்சி சொல்ல வந்தவரிடம் உமர் (ரலி) அவர்கள் மூன்று கேள்வி கேட்டதாகச் சொல்வர். அவனுடைய வரவும் போக்கும் தெரிந்த அண்டைவீட்டுக்காரரா நீர்? பொன்னும் வெள்ளியும் கைமாற அவனோடு கொடுக்கல் வாங்கல் செய்தீரா? அவனோடு பயணம் போனீரா? மூன்றுக்கும் இல்லை என்றே விடை வந்தது. அவன் பள்ளியில் குனிந்து நிமிர்வதைக் கண்டிருப்பீர், உமக்கு அவனைத் தெரியாது என்று உமர் (ரலி) அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நம் நிலை அந்த மனிதருடையதை விட விசித்திரமானது. முதற்கேள்விக்கு, "ஆம், அடுத்த வீடுதான்" என்று நாம் சொல்ல முடியும். ஆனால் அந்தப் பிள்ளை கணக்கு எழுதுகிறாரா, லாரி ஓட்டுகிறாரா, ஆறு மாதமாக வேலை இல்லாமல் இருக்கிறாரா என்பது நமக்குத் தெரியாது. தெரியாமலே நாம் கொடுக்கும் நற்சான்றை நம்பி ஒரு வாப்பா நிலத்தை விற்றுக் கலியாணம் செய்து வைக்கிறார். லாரி ஓட்டுவதில் இழிவு ஒன்றும் இல்லை. அந்த வாப்பாவிடம் சொல்லியிருந்தால் அவரும் மனமுவந்து சம்மதித்திருக்கலாம்.

நம் வழக்கத்தில் இக்கேள்வி தவறாமல் எழும் இடம் ஒன்று உண்டு. ஜனாஸாத் தொழுகைக்கு முன், இறந்தவருக்கு யாரிடமேனும் கொடுக்கல் வாங்கல் இருந்தால் வாரிசுகளிடம் தெரிவிக்குமாறு அறிவிக்கிறார்கள். அப்போதுதான் பின்வரிசையில் இருப்பவர் பக்கத்தில் இருப்பவரிடம், "இவர் என்ன தொழில் செய்துகொண்டிருந்தார்?" என்று மெல்லக் கேட்கிறார். ஒரு ஜனாஸாவின் போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் இறந்தவருக்குக் கடன் உண்டா என்று விசாரித்தார்கள். உண்டு என்றதும், உங்கள் தோழருக்கு நீங்களே தொழுங்கள் என்று ஒதுங்கினார்கள். அபூ கத்தாதா (ரலி) அவர்கள் முன்வந்து, அக்கடன் தம் பொறுப்பு என்றார்கள். அதன் பின்னரே தொழுகை நடந்தது.