‘பழகிவிட்டது’ என்னும் சொல்

பச்சோந்தி என்னும் பெயரை நாம் பெரும்பாலும் வசையாகவே வழங்கி வருகின்றோம். கட்சி மாறுவோரும், ஆளுக்கேற்பப் பேசுவோரும் நம் வாயில் பச்சோந்திகள் ஆகின்றனர். ஆனால் அந்தச் சிற்றுயிர் நிறம் மாறுவது பெரும்பாலும் பிறரை ஏமாற்றுவதற்காக அன்று. வெயில், குளிர், அச்சம், சினம் ஆகியவற்றுக்கு ஏற்பவே அதன் தோல் மாறுகிறது. மடகாஸ்கர் தீவின் பச்சோந்தி இனம் ஒன்றை ஆராய்ந்த ஜெனீவாப் பல்கலைக்கழக அறிஞர்கள், 2015ஆம் ஆண்டில் இதன் நுட்பத்தை வெளியிட்டனர். அமைதியாக இருக்கும்போது தோலினுள் உள்ள நுண்படிகங்கள் நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்புகின்றன. அதனோடு மஞ்சள் நிறமி சேரப் பச்சை தோன்றுகிறது. கிளர்ச்சியுற்றால் படிகங்கள் விலகுகின்றன. மஞ்சளும் சிவப்பும் மேலெழுகின்றன. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் பழமொழி. பச்சோந்திக்கோ அது உடல் முழுவதும் தெரிகிறது. உள்ளத்தை மறைக்க இயலாத உயிரை நாம் வஞ்சகத்தின் உருவமாக்கிவிட்டோம்!

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பச்சோந்தியை வீட்டில் வளர்ப்போர் பலர். ஏமன் நாட்டையும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியையும் தாயகமாகக் கொண்ட, தலையில் உயர்ந்த முகடுடைய இனமே அவர்களிடம் மிகுதி. அவர்களுடைய பெருவிருப்பம் ஒன்றுண்டு. அது தம் கையில் ஏற வேண்டும். தம் கையிலிருந்தே உண்ண வேண்டும் என்பதே அது. எளிய விருப்பமாகத் தோன்றினும், இதனுள் ஓர் அறக்கேள்வி அடங்கியுள்ளது.

பழக்கும் முறையை முதலில் காண்போம். மேலிருந்து கை நீட்டலாகாது. பச்சோந்தியைக் கவ்விச் செல்லும் பறவை மேலிருந்தே வருவதால், மேலிருந்து இறங்கும் எதுவும் அதற்குக் காலனே. கையைக் கீழிருந்து, மெல்ல, அதன் கண்ணுக்குத் தெரியுமாறு நீட்ட வேண்டும். அதன் இரு கண்களும் தனித்தனியே சுழல்வன; ஆதலால் நம் அசைவு எதுவும் அதற்குத் தப்பாது. உள்ளங்கையில் ஒரு வெட்டுக்கிளியை வைத்துக்கொண்டு அசையாதிருக்க வேண்டும். முதல் நாள் அது திரும்பியும் பாராது. பத்தாம் நாளும் பாராதிருக்கலாம். உடல் கருத்தாலும், உப்பினாலும், வாய் திறந்து சீறினாலும் கையை எடுத்துவிட வேண்டும். என்றேனும் ஒரு நாள், உடலினும் நீண்ட அந்த நாக்கு பாய்ந்து இரையைப் பற்றும். பின்னர் ஒரு நாள், கிளையென்று எண்ணியோ என்னவோ, கவை போன்ற பாதத்தை நம் விரல்மீது வைக்கும். அப்போதும் கையை மூடலாகாது. அது தானே வந்தது போலத் தானே திரும்பவும் வழி இருக்க வேண்டும்.

இந்த நிலையில்தான் வளர்ப்பவர், “பழகிவிட்டது” என்று மகிழ்கின்றார். அந்தச் சொல்லின் பொருள் என்ன? பச்சோந்தி தனித்து வாழும் உயிர். தன் இனத்தையே அருகில் பொறுத்துக்கொள்ளாதது. அது நாய் போல நம் வரவுக்கு ஏங்குவதில்லை. நம் கையில் அமர்ந்திருக்கும்போது அது நம்மை நேசிக்கிறது என்று சொல்வதற்கு நம்மிடம் சான்று ஒன்றும் இல்லை. அஞ்சவில்லை என்று மட்டுமே சொல்லலாம். அதனையும் எளிதில் சொல்லிவிட இயலாது. தடவிக் கொடுக்கும்போது சில பச்சோந்திகள் கண்களை மூடிக்கொள்ளும். காண்போர், “இன்பத்தில் திளைக்கிறது” என்பர். நலமுள்ள பச்சோந்தி பகலில் கண் மூடுவதில்லை. மூடினால் அது நோயின் அறிகுறி; அல்லது தாங்கவியலாத அச்சத்தின் அறிகுறி. தப்ப வழி இல்லாதபோது அது உலகத்தையே கண்ணிலிருந்து விலக்குகிறது. நாம் அதனை அன்பு என்று படித்துக்கொள்கின்றோம்.

அப்படியாயின் தொடாமலே விட்டுவிடலாகாதா? நம் நாட்டில் அதுவே முறை, சட்டமும் அதுவே. இந்தியப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் காக்கப்படுவது. அதனைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். ஆனால் பிற நாடுகளில் கூட்டிலேயே பிறந்து வளர்ந்தவற்றை வெளியே விடுதல் அறமாகாது. அவ்வாறு வெளியேறியவை புளோரிடாவிலும் ஹவாயிலும் பெருகி, அங்குள்ள சிற்றுயிர்களுக்கு இடராகியுள்ளன. கூட்டில் வைத்தவருக்குக் கடமை உண்டு. கூட்டைத் துலக்க வேண்டும்; நோயுற்றால் மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். கைக்கு அஞ்சாத உயிர் அப்போது குறைவாகவே துன்புறும். ஆகவே பழக்குதல் தவறன்று. யாருடைய தேவைக்காகப் பழக்குகின்றோம் என்பதே கேள்வி. அதன் அச்சம் குறைவதற்காகவா? நாம் நேசிக்கப்படுகின்றோம் என்னும் நிறைவு பெறுவதற்காகவா? முன்னது அறம், பின்னது, எத்துணை மென்மையாகச் செய்யினும், தன்னலமே.

ஊரைவிட்டு வந்து வாழும் நாம் இச்சொல்லை வேறோர் இடத்திலும் வழங்குகின்றோம். தந்தை மறைந்தபின், தனித்திருந்த தாயைத் தில்லிக்கோ மும்பைக்கோ அழைத்து வருகின்றோம். மூன்றாம் மாடியில் ஓர் அறை தருகின்றோம். வேளை தவறாமல் உணவு தருகின்றோம். அண்டை வீட்டார் மொழி அவருக்குத் தெரியாது. முதலில், “ஊருக்குப் போய் வரட்டுமா?” என்று கேட்கின்றார். “அங்கே யார் இருக்கிறார்கள், அம்மா?” என்கின்றோம். சில திங்களில் அவர் கேட்பதை நிறுத்திவிடுகின்றார். நாமும் நண்பர்களிடம், “அம்மாவுக்கு இங்கே பழகிவிட்டது” என்கின்றோம். தாயைச் சிற்றுயிரோடு ஒப்பிடுவது நம் கருத்தன்று. ஒப்பிடத்தக்கது நம் கையே. அவர் கேட்காமல் இருப்பது மனநிறைவா? கண்களை மூடிக்கொண்டமையா? பச்சோந்திக்கேனும் தோல் காட்டிக்கொடுக்கும். தாய்க்கு அதுவும் இல்லை. பிள்ளைகள் வருந்துவர் என்று தம் நிறத்தை அவர் மறைத்துக்கொள்வார்.

அன்போடு நீட்டிய கையும் மூடிய கையாக இருக்கக் கூடும். திரும்பிச் செல்லும் வழி திறந்திருக்கும்போது ஒருவர் நம்மிடம் தங்கினால், அதற்குப் பெயர் பழக்கம். வழியை அடைத்தபின் தங்கினால் அதற்கு வேறு பெயர். ஆண்டுக்கு ஒருமுறையேனும், அவர் கேட்கும் முன்னரே, ஊருக்கு ஒரு பயணச்சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்துப் பார்ப்போம். அவர் சென்று வரலாம். “வேண்டாம், இங்கேயே இருக்கிறேன்” என்றும் சொல்லலாம். அதன் பின்னரே ‘பழகிவிட்டது’ என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டாகும்.