ஓதம் தரும் ஒளியும் அதன் விலையும்

இலவசமாக வரும் பொருளுக்கு நாம் கணக்கு எழுதுவதில்லை. கடையில் வாங்கிய அரிசிக்குச் சீட்டு உண்டு. காற்றுக்கும் கடலுக்கும் சீட்டு இல்லை. ஆகவேதான், கடலின் ஏற்றவற்றத்திலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று விஞ்ஞானிகள் கூறும்போது, செலவில்லாத செல்வம் ஒன்று வந்து வாய்த்ததாக நம் மனம் மகிழ்கிறது. நிலக்கரி எரிக்க வேண்டியதில்லை, புகை இல்லை, சாம்பல் இல்லை. கடல் தானே ஏறுகிறது, தானே வற்றுகிறது. இதில் யாருக்கு என்ன நட்டம்?

இந்தக் கேள்வியைச் சற்று நிதானித்துக் கேட்க விரும்புகிறோம். ஏனெனில், ஒரு பொருளுக்கு விலையே இல்லை என்று தோன்றும்போது, பெரும்பாலும் அந்த விலையை நம் கண்ணுக்குப் படாத வேறு யாரோ கொடுத்துக் கொண்டிருக்கிறார்கள்.

முதலில் ஒரு வீண் அச்சத்தை விலக்கி விடுவோம். சந்திரனும் சூரியனும் கடல்நீரை ஈர்க்கின்றன. அந்த ஈர்ப்பினால் எழும் நீர்ப்பெருக்கு, சுழலும் பூமியின் ஆழமற்ற கடல்களில் உராய்ந்து செல்கிறது. அந்த உராய்வு பூமியின் சுழற்சியைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறது. இதனால் ஒரு நூற்றாண்டில் ஒரு நாளின் நீளம் ஏறத்தாழ ஒரு வினாடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கு கூடுகிறது; சந்திரனும் ஆண்டுக்குச் சுமார் 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்கிறது. ஓதத்தின் மூலதனம் பூமியின் சுழற்சியே. அப்படியானால், அதிலிருந்து மின்சாரம் எடுக்க எடுக்கப் பூமி ஓய்ந்துவிடாதா என்று அஞ்சுவோரும் உண்டு.

அஞ்ச வேண்டியதில்லை. இயற்கையாகவே ஓதங்களில் கரையும் விசை ஏறத்தாழ 37 இலட்சம் மெகாவாட். பிரெஞ்சு நாட்டின் புகழ்பெற்ற ரான்ஸ் ஓத மின்நிலையம் சராசரியாகத் தரும் விசை, அதில் அறுபதாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. வானத்தின் கணக்கில் நாம் பட்ட கடன் மிக அற்பம். நமது கடன் கரையோரத்தில் இருக்கிறது. தொலைவில் உள்ள சந்திரனுக்காகக் கவலைப்படுவது எளிது. காலடியில் உள்ள சேற்று நண்டுக்காகக் கவலைப்படுவதுதான் கடினம்.

ரான்ஸ் ஆறு கடலில் கலக்கும் பிரித்தானி மாநிலத்தில், நீர்மட்டம் சராசரியாக எட்டு மீட்டரும், பெரும் ஓதங்களின்போது பதின்மூன்று மீட்டருக்கு மேலும் ஏறி இறங்குகிறது. கழிமுகத்தின் குறுக்கே 750 மீட்டர் நீள அணை கட்டி, 24 சுழலிகளைப் பொருத்தி, 240 மெகாவாட் திறனுள்ள நிலையத்தை 1966 ஆம் ஆண்டு திறந்தார்கள். மனித அறிவின் பெருஞ்சாதனை அது, இன்றும் ஓடுகிறது. ஆனால் அணையைக் கட்டுவதற்காகக் கழிமுகத்தை ஏறத்தாழ மூன்றாண்டுகள் கடலிலிருந்து அடைத்து வைத்தார்கள். உள்ளே உப்பு குறைந்தது, வண்டல் படிந்தது. அங்கே வாழ்ந்த கடலுயிர்கள் அநேகமாக முழுவதும் மடிந்தன. மீண்டும் அங்கே உயிர்ப்பெருக்கம் நிலைபெறப் பத்தாண்டுகள் ஆயின. கணவாய் திரும்பி வந்தது; மணலில் புதைந்து வாழும் சிறுமீன்களும் சில தட்டை மீன்களும் முன்போல் இல்லாமற் போயின. நீரோட்டம் தணிந்த மேற்பகுதியில் இன்றும் வண்டல் சேர்கிறது. அதை அகழ்ந்தெடுக்கும் செலவும் தொடர்கிறது.

கனடா நாட்டின் அனாபொலிஸ் நிலையத்தின் கதை வேறு. ஃபண்டி விரிகுடாவின் கரையில் 1984 ஆம் ஆண்டு தொடங்கிய இந்த 20 மெகாவாட் நிலையத்தில், ஒரே பெரிய சுழலி இருந்தது. நம் உல்லத்துக்கு உறவான ஷாட் மீன்கள், முட்டையிட ஆறேறி, மீண்டும் கடலுக்குத் திரும்பும் இயல்புடையவை. திரும்பும் வழியில் சுழலி இருந்தது. அதன் அலகுகளில் அடிபட்டும், நீரழுத்தத்தின் திடீர் மாற்றத்தாலும் மீன்கள் மாண்டன. 2019 இல் இயந்திரம் பழுதுபட்டு நின்றது. மீன்களுக்கு நேரும் சேதம் குறித்து அந்நாட்டு மீன்வளத் துறை எழுப்பிய கேள்வியும் சேரவே, அது மீண்டும் ஓடவில்லை.

இங்கே ஒருவர் கேட்கலாம்: "மீனவன் வலையில் இதைவிடப் பன்மடங்கு மீன்கள் சாகின்றனவே, அதற்கு நாம் கண்ணீர் விடுகிறோமா?" நியாயமான கேள்வி. ஆனால் மீனவன் தான் பிடித்ததை அறிவான், எடை போடுகிறான், அது ஒரு குடும்பத்தின் உணவாகிறது. பாடு குறைந்தால் அதை முதலில் உணர்பவனும் அவனே. சுழலியில் மாண்ட மீனை யாரும் உண்பதில்லை, யாரும் எண்ணுவதுமில்லை. தேவைக்காக உயிரை எடுப்பது ஒன்று. எடுத்ததே தெரியாமல் எடுத்துக் கொண்டிருப்பது மற்றொன்று. பின்னதற்குக் கவனமின்மை என்று பெயர். அறநூல்கள் கொடுமையைக் கண்டிக்கும் அளவுக்கு நாம் கவனமின்மையைக் கண்டிப்பதில்லை. உலகில் பெரும் நாசங்கள் பல அதனாலேயே விளைந்திருக்கின்றன.

மற்றொருவர் கேட்கலாம்: "நிலக்கரியை எரித்தால் இதைவிடப் பெரிய தீங்கு அல்லவா?" ஐயமின்றி. நிலக்கரிப் புகை மனிதரின் நுரையீரலையும் கெடுக்கிறது. வெப்பத்தைக் கூட்டிக் கடல்மட்டத்தையே உயர்த்துகிறது. ஓத மின்சாரத்தை மறுப்பதும் விலையுள்ள செயலே. இரண்டு தீங்குகளில் சிறியதைத் தேர்வது அறிவுடைமை. ஆனால் சிறிய தீங்கு, சிறியது என்பதாலேயே தீங்கில்லை என்று ஆகிவிடாது. அது நாம் அறிந்து பட்ட கடன். கடன் வாங்குவது குற்றமல்ல; வாங்கியதை மறந்துவிடுவது குற்றம்.

அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது? கொரியாவின் சிஹ்வா ஒரு வழியைக் காட்டுகிறது. 1994 இல் 12.7 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்சுவர் எழுப்பி, பாசனத்துக்கு நன்னீர் ஏரி அமைக்க முயன்றார்கள். தொழிற்சாலைக் கழிவு சேர்ந்து ஏரி நாறியது. பின்னர் அதே சுவரில் ஓத மின்நிலையம் அமைத்து, 2011 இல் 254 மெகாவாட் திறனுடன் இயக்கத் தொடங்கினார்கள். கடல்நீர் மீண்டும் உள்ளே பாய, நீர் தெளிந்தது. முன்பே காயம்பட்ட இடத்தில் கட்டினார்கள், கட்டியதே மருந்துமாயிற்று. ஆயினும் சுவருக்குள் அகப்பட்ட பழைய சேற்றுவெளி மீளவில்லை என்பதையும் மறக்கலாகாது.

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இடையே உள்ள செவர்ன் கழிமுகம் மறுவழியைக் காட்டுகிறது. அங்கே 16 கிலோமீட்டர் அணை கட்டினால் பிரிட்டனின் மின் தேவையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு கிட்டும் என்றார்கள். 2010 இல் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. பெருஞ்செலவே முதற்காரணம். ஆனால் அந்த ஆய்வில் மற்றொரு கணக்கும் இருந்தது. ஓதம் வற்றும்போது வெளிப்படும் பரந்த சேற்றுவெளியில், குளிர்காலத்தில் பல்லாயிரம் பறவைகள் இரை தேடுகின்றன. அணை எழுந்தால் அச்சேற்றில் பெரும்பகுதி நீருக்கடியிலேயே கிடந்துவிடும். நமக்குச் சேறு, அவற்றுக்கு அதுவே சோறு.

நம் தமிழகக் கரையில் ஓதம் ஏறி இறங்குவது ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே. இத்தகைய அணை இங்கே எழ வாய்ப்பில்லை. அதனால் இது பிறர் கவலை என்று ஒதுங்கிவிட முடியுமா? நம் வீட்டு விளக்குக்கும் எங்கோ ஓர் ஆறு தடுக்கப்படுகிறது. எங்கோ ஒரு நிலம் தோண்டப்படுகிறது. கடலும் கழியும் நமக்கு அமானிதமாகத் தரப்பட்டவை. அமானிதப் பொருளைப் பயன்படுத்த உரிமை இருக்கலாம். கணக்குக் காட்டாமல் பயன்படுத்த உரிமை இல்லை.

விளக்கை அணைத்துவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகள் படிக்க வெளிச்சம் வேண்டும். ஆனால் அந்த வெளிச்சத்தில் அவர்கள் படிக்க வேண்டிய பாடங்களில் ஒன்று, அது எங்கிருந்து வந்தது, அதற்காக எது இருண்டது என்பதுமாகும். அதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாமே.