எஞ்சி நிற்கும் விசை

காரணம் நீங்கிய பின்னும் காரியம் சிறிது காலம் தொடர்வது எப்படி என்னும் வினா, இந்தியத் தத்துவ மரபில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. ஞானம் அறியாமையை அழித்துவிடும் என்றால் ஞானியின் உடல் அக்கணமே வீழாதது ஏன் என்று கேட்டவர்களுக்கு, ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை தன் 67ஆம் செய்யுளில் குயவனின் சக்கரத்தைக் காட்டுகிறது. குயவன் கையை எடுத்த பின்னும் பெற்ற வேகம் தீரும்வரை அது சுழல்வதுபோல, சம்ஸ்காரத்தின், அதாவது முன்செயல்கள் பதித்துச் சென்ற விசையின், பலத்தால் உடல் நிலைக்கிறது என்பது அதன் விளக்கம். பிரம்மசூத்திர பாஷ்யத்தில் இவ்வுவமையைக் கையாளும் சங்கரர், பலன் தரத் தொடங்கிவிட்ட வினையாகிய பிராரப்தம் அனுபவித்தே தீரவேண்டியது என்கிறார். இராமானுசரோ உடலோடு இருக்கையில் முக்தி என்பதையே ஏற்கவில்லை.

இவ்வினாவைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்துப் பார்க்க உதவுவது, ஏர்பேக் உள்ள காரின் ஸ்டீயரிங்கை வீட்டில் கழற்றி மாற்றும் வேலை. ஏர்பேக் என்பது மோதலின்போது ஏறத்தாழ 30 மில்லிநொடியில் விரியும் பை. அதற்கு வாயு தரும் வேதிப்பொருளைப் பற்றவைக்கச் சிறு மின்துடிப்பே போதும். மோதலில் பேட்டரியின் இணைப்பு அறுந்தாலும் பை விரிய வேண்டும் என்பதால், அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மின்தேக்கிகள், அதாவது மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் உறுப்புகள், அமைந்துள்ளன. ஆகவே இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றியதும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. அந்தந்த வண்டியின் கையேடு ஒன்றரை நிமிடமோ பத்து நிமிடமோ காத்திருக்கச் சொல்வது, கண்ணுக்குத் தெரியாத இந்த மிச்சம் வடிவதற்காகத்தான்.

குயவனின் சக்கரம் இங்கு முழுதும் பொருந்தாது. அது சுழல்வதைக் காண்பவன் கையை நீட்டமாட்டான், மின்தேக்கியோ ஓசையின்றி இருக்கிறது. கழுவிய பின்னும் மணக்கும் பெருங்காயப் பாண்டத்தை வாசனாமலத்துக்கு, அதாவது உயிரைப் பிணிக்கும் மாசாகிய மலம் நீங்கிய பின்னும் ஒட்டிநிற்கும் அதன் சுவட்டுக்கு, உவமையாகக் கூறும் சைவ சித்தாந்த மரபே இதற்கு நெருக்கமானது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு, அதுவே இந்த ஒப்பீட்டில் மிகவும் பயனுடையது: பிராரப்தம் அனுபவத்தால் தீர்வது, மின்தேக்கியின் மிச்சமோ எவரும் அனுபவிக்காமலே தீரவேண்டியது. அங்குப் பொறுமை துன்பத்தைத் தாங்குவது. இங்குப் பொறுமை துன்பம் பிறவாமல் காப்பது. காத்திருக்கும் அந்த நிமிடங்களை வேலைக்கு முந்தைய வெற்று நேரமாகக் கருதுவது பிழை, அதுவும் வேலையே.

மிச்ச விசை மின்சாரத்தில் மட்டும் இல்லை. ஏர்பேக்கைக் கழற்றி, அதன் மூடி மேல்நோக்க ஒதுக்குப்புறமாக வைத்த பின், தண்டின் பற்களில் இறுகியிருக்கும் ஸ்டீயரிங்கைப் புல்லர் என்னும் இழுவைக் கருவியால் இழுக்கும்போது, இறுக்கம் திடீரென விட்டு அது முகத்தில் மோதக்கூடும். அதனால் நடு நட்டைத் தளர்த்தி, சில மரைகள் பிடித்திருக்கும்படி தண்டிலேயே விட்டுவைப்பார்கள். பொறுமையிழந்து தண்டைச் சுத்தியலால் தட்டினால், மோதலில் மடங்கி ஓட்டுநரின் மார்பைக் காக்கும்படி அமைந்த ஸ்டீயரிங் தூணே பழுதாகும். கிளாக் ஸ்பிரிங் எனப்படும் சுருள்நாடா, ஸ்டீயரிங் திரும்பும்போதும் மின்தொடர்பு அறாமல் காப்பது. முன்சக்கரங்களை நேராக நிறுத்தி வேலையைத் தொடங்குவதும், கழற்றிய பின் அச்சுருளைச் சிறிதும் சுழற்றாதிருப்பதும் அதன் நடுநிலை குலையாமல் இருக்கவே. குலைந்த நாடா அன்றைக்கு எதையும் காட்டிக்கொடுக்காது. பின்னொரு நாள் வளைவில் முழுதாகத் திருப்பும்போதுதான் அறுந்துபோகும்.

கையேட்டில் குறித்த இறுக்க அளவுக்கு நட்டை முடுக்கி, ஏர்பேக்கைப் பொருத்தி, கடைசியாகப் பேட்டரியை இணைத்தபின், பை விரியும் வெளிக்குள் தலையும் உடலும் வராதபடி ஒதுங்கி நின்று இக்னிஷனைத் திருப்ப வேண்டும். ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணையும். அணையாமல் நின்றால் வண்டியைச் சாலைக்கு எடுக்காமல், பழுதை அறிந்தவரிடம் காட்டியாக வேண்டும்.