எடுக்காத சீட்டு

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அக்கம்பக்கத்திலிருந்து சோறு வரும். முஸ்லிம் வீடுகளிலும் இதே வழக்கம்தான். மூத்தா போரில் ஜஃபர் இறந்த செய்தி வந்தபோது, அவர் குடும்பத்துக்குச் சமைத்துக் கொடுக்கும்படி நபிகள் நாயகம் சொன்னதாக ஹதீஸ் உண்டு. ஆம்பூரில் இந்த இரண்டு வழக்கமும் ஒரே சந்துக்குள் வந்து போகும். அம்மா போன அன்று எங்கள் வீட்டுக்கு இட்லி வந்தது, புளிச்சோறு வந்தது, எதிர்ச்சந்து பாய் வீட்டிலிருந்து குஷ்கா வந்தது. காரியம் முடியும்வரை எங்களுக்குக் கவிச்சி ஆகாது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் கறிச்சாறு கலக்காமல் தனியாக ஆக்கி அனுப்பியிருந்தார்கள்.

சனம் கலைந்த பிறகு பார்த்தால் திண்ணை முழுக்கப் பாத்திரம். தூக்கு, அடுக்கு, எவர்சில்வர் டப்பா. எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருந்தது. சிலவற்றில் எப்போதோ நடந்த கல்யாணத்தின் தேதியும் இருந்தது. யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பெயரைப் படித்துத்தான் கண்டுபிடித்தேன். கழுவித் துடைத்து ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா இல்லாத தெருவில் தனியாக நடக்க எனக்குத் தைரியம் வந்திருக்காது. கையில் பாத்திரம் இருந்ததால் நடந்தேன்.

*

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியில் தொடங்குகிறார்கள். எப்படி ஆச்சு?

முதலில் வாய் வரவில்லை. பிறகு வந்தது. சொல்லிச் சொல்லி அது ஒரு கதையாகவே ஆகிவிட்டது. எந்த இடத்தில் எதிரில் இருப்பவர் ‘ஐயோ’ என்பார் என்பதுவரை தெரிந்துபோனது. அம்மாவின் கடைசி ராத்திரி என் வாயிலேயே தேய்ந்து வழவழப்பாகிக்கொண்டிருந்தது.

அதைக் கேட்காமல் வந்தவர்கள் அம்மாவின் கம்பெனித் தோழிகள் மட்டும்தான். செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்கள்: “இன்னா கண்ணு, துன்னியா?” இல்லை என்றால் நேராகச் சமையலறைக்குள் போய்விடுவார்கள்.

*

அம்மா ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைத்தவள். இந்தப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் தையல் பகுதியில் பெரும்பாலும் பெண்கள்தான். விடியலில் கம்பெனி பஸ் மாதனூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்து ஊர்களில் எல்லாம் நின்று நின்று அவர்களை அள்ளிக்கொண்டு வரும். எங்கள் முனையிலும் நிற்கும். உப்பு போட்ட பச்சைத் தோல் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, மயிர் உதிர்ந்து, குரோமியம் கரைசலில் டிரம்முக்குள் உருண்டு நீலமாகி, பிறகு சாயமேறி மெருகேறி, ஆடு என்ற அடையாளமே போன பிறகு அம்மாவின் மேசைக்கு வரும். தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறவைத்த தோல். அந்த வாடை வேறு என்பார். அம்மாவின் விரலில் எப்போதும் சொல்யூஷன் வாடைதான். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் போகாது.

வீட்டில் அவள் அதிகம் பேசமாட்டாள். என்ன கேட்டாலும் ‘ம்’ என்ற ஒன்றிலேயே முடித்துவிடுவாள். ஆனால் பஸ்ஸில் பாடுவாளாம்! பழைய படப் பாட்டு, அதுவும் ஆண் குரல் பகுதியை. சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை அப்படியே செய்துகாட்டுவாளாம். எனக்கு இதெல்லாம் செய்தி. பெற்றவளை இழந்த பிறகு அவளைப் பற்றிப் புதிதாக ஒன்றைக் கேட்பது எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. அவள் முடிந்துபோகவில்லை, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறாள் என்று தோன்றும். அந்தப் பாக்கி முழுவதும் இந்தப் பெண்களிடம் இருக்கிறது. என்னிடம் இல்லை.

*

வேலூரில் வேலை பார்ப்பதால், அங்கே ஆஸ்பத்திரி தொடங்கிய அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடரின் பெயர் தினமும் எங்காவது கண்ணில் படும். அவரைப் பற்றிச் சொல்கிறவர்கள் எல்லோரும் திண்டிவனத்து இரவிலிருந்துதான் தொடங்குவார்கள். ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டியது, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க ஆண் டாக்டர் கூடாது என்றது, மூன்று பெண்களும் இறந்தது. பெரிய கதைதான். ஆனால் எனக்கு இப்போது மனதில் நிற்பது 1900ஆம் வருஷம்.

1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டிய பருவத்தில், பெற்றோர் மகளை அமெரிக்காவில் விட்டுவிட்டு இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார்கள். ஆக, பெற்றோர் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்பது அவருக்கு முன்பே தெரியும். 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கினார். 1900 ஜனவரியில் வேலூர் வந்து சேர்ந்தார். அப்பா ஜான் ஸ்கடரும் டாக்டர். அவர் பக்கத்தில் நின்று தொழில் பழக வேண்டும் என்பதுதான் எண்ணம். அதே வருஷம் அப்பா இறந்துவிட்டார்.

ஊருக்குத் தெரிந்த டாக்டர் போய்விட்டார். வந்திருக்கும் டாக்டரோ இருபத்தொன்பது வயதுப் பெண், ஊருக்குப் புதியவர். அவரிடம் மிச்சமிருந்தது அப்பா வாழ்ந்த வீடு, அம்மா சோஃபியா, தன்னோடு கப்பலேறி வந்த தோழி ஆனி ஹான்காக். அந்த வீட்டிலேயே ஒரு சின்ன அறையில் ஒற்றைப் படுக்கை போட்டு வைத்தியம் தொடங்கினார். ஆனி வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசிப் பழகினார். வீட்டோடு இருந்த சலோமி என்ற பெண் கூட நின்று உதவக் கற்றுக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் ஐயாயிரம் நோயாளிகள். 1902இல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது. அதற்கான பத்தாயிரம் டாலர் ஐடா கப்பலேறும் முன்பே கிடைத்த பணம். நியூயார்க் வங்கிக்காரர் ஒருவர் இறந்துபோன தன் மனைவியின் நினைவாகக் கொடுத்தது. மேரி டேபர் ஷெல் என்பது அந்த மனைவியின் பெயர். கடலுக்கு அப்பால் யாரோ ஒருவருடைய துக்கம் இங்கே செங்கல்லாக நின்றது.

துக்கத்தைத் தொண்டாக மாற்றிக்கொண்டார் என்று பாடப்புத்தகம் சொல்லும். எனக்கு அந்த வாக்கியம் ஒட்டவில்லை. காலையில் கண் விழித்தால் வாசலில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து போய்க் கதவைத் திறந்தாக வேண்டும். முதல் வருஷத்துக்கு அதுவே போதுமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இதுவும் என் ஊகம்தான், நான் இப்போது இருக்கும் நிலையிலிருந்து பார்க்கிற ஊகம்.

கல்யாணம் செய்துகொள்ளாதவர். பின்னாளில் கெர்ட்ரூட் டாட் என்ற தோழி வந்து கூடவே வாழ்ந்தார். 1960 மே மாதம் கொடைக்கானலில் தன் வீட்டில் ஐடா இறந்தபோது வயது 89.

*

ராணிப்பேட்டை என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2015 ஜனவரி 31. சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துத் தொட்டிச் சுவர் உடைந்து, படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் பிள்ளைகள் வீட்டுக்கு யார் சோறு கொண்டுபோனார்கள்? யாராவது கொண்டுபோயிருப்பார்கள். ஆனால் அப்பா செத்த ஊரை, அவரோடு வேலை செய்த ஆட்களை, அவர் பாடினாரா மாட்டாரா என்று சொல்லக்கூடியவர்களை அந்தப் பிள்ளைகள் பார்த்திருக்கவே மாட்டார்கள். எனக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

*

வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்றான் அண்ணன். அவன் பெங்களூரில் இருக்கிறான். நான் வேலூரில் அறை எடுத்திருக்கிறேன். நியாயமான பேச்சுதான். போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. அம்மா கேன் தண்ணீர்தான் வாங்குவாள். தோல் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்றது. சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் படிக்கிறார்கள். எங்கள் தெருவில் கேன் வண்டி இன்றைக்கும் வருகிறது. காற்று திரும்பினால் டேனரி வாடை கூடத்துக்குள் வந்து உட்காரும். ஆனாலும் காட்பாடியில் ரயிலேறி, ஆம்பூர் நெருங்கும்போது அந்த வாடை ஜன்னலில் தட்டுப்பட்டால் என் தோள் தானாகத் தளர்ந்துவிடுகிறது. வெளியூர்க்காரர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள்.

பாரி மகளிரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். புறநானூற்றின் 112ஆம் பாட்டில் அவர்கள் தந்தையையும் மலையையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றாகத்தான் போயின. தந்தையின் நண்பர் கபிலர் அவர்களை விச்சிக்கோனிடம் கூட்டிப்போனார், இருங்கோவேளிடம் கூட்டிப்போனார். இரண்டு பேரும் ஏற்கவில்லை. கடைசியில் அந்தணர் வீட்டில் அடைக்கலமாக விட்டுவிட்டு வடக்கிருந்தார். இறந்த நண்பனுக்காகக் கபிலர் செய்த காரியம் பெண்களுக்கு வீடு தேடியது.

எனக்கு வீடு தேட வேண்டியிருக்கவில்லை. இருந்ததைக் காப்பாற்றினால் போதும். காப்பாற்றியவள் மெஷினில் அம்மாவுக்குப் பக்கத்து இருக்கைக்காரி. வாடகைப் பேச்சு காதில் விழுந்ததும் அண்ணனுக்கே போன் போட்டுவிட்டாள். “வாடகைக்கு உட்டுட்டா சீட்டு எங்க தம்பி போடறது?”

அண்ணனிடம் பதில் இல்லை.

*

சீட்டைப் பற்றி எழுத வேண்டும். இருபது பெண்கள், மாதம் இரண்டாயிரம், குலுக்கல் சீட்டு. முதல் ஞாயிறு மத்தியானம் எங்கள் கூடத்தில் கூடுவார்கள். எடுக்காதவர்கள் பெயரை எழுதி மடித்து ஒரு சொம்பில் போட்டுக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ அவளுக்கு நாற்பதாயிரம். ரசீது கிடையாது, பத்திரம் கிடையாது. அம்மா கையெழுத்தில் ஒரு நோட்டு, அவ்வளவுதான். ஒருத்தி ஓடிப்போனால் பத்தொன்பது பேருக்கும் நஷ்டம். யாரும் ஓடிப்போனதில்லை.

அம்மா போன மாதமும் முதல் ஞாயிறு வந்தது. வருவார்களா என்று தெரியாமல் கூடத்தைப் பெருக்கிவைத்தேன். வந்தார்கள். நோட்டை என் பக்கம் தள்ளி, “எழுது கண்ணு” என்றார்கள். அம்மா இன்னும் சீட்டு எடுத்திருக்கவில்லை. அவள் தவணையை நான் கட்டினேன். அவள் பெயர்த் துண்டும் சொம்புக்குள் விழுந்தது. எடுத்துவிடலாமா என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டைப் பூட்டி வைத்திருந்தால் அதில் இருப்பது அம்மாவின் புடவையும் மூக்குக்கண்ணாடியும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது பேர் பாயில் உட்கார்ந்து கூச்சல் போடும்போது, அம்மா இல்லாததைக்கூட எல்லோருமாகப் பங்கு போட்டுக்கொள்ள முடிகிறது. ஒருத்திக்கு விழுவது கொஞ்சம்தான்.

போன தடவை துண்டெடுத்தது யாரோ கூட்டிவந்த பேத்தி. பிரித்தார்கள். அம்மாவின் பெயர்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பேரணாம்பட்டுக்காரி ஆரம்பித்தாள். “உயிரோட இருந்தப்ப ஒரு வாட்டியாவது முன்னாடி வந்துச்சா? கட்சிலதான் வரும். இப்ப பாரு, அவசரத்த.” ஒருத்தி சிரித்தாள். அப்புறம் எல்லோரும். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தேன்.

பணத்தை என்ன செய்வது என்பதில்தான் தகராறு. ஒழுகுகிற சமையலறைக் கூரைக்கு என்று ஒருத்தியிடம் அம்மா சொல்லியிருக்கிறாள். எனக்குக் கம்மல் என்று இன்னொருத்தியிடம். மூன்றாவது ஆள், பஸ் பிடித்து எல்லோருமாகத் திருப்பதி போவதற்கு என்று சத்தியம் செய்கிறாள். பாய் வீட்டு அக்காவும் வருவதாக அப்போதே பேச்சாம், கீழ்த்திருப்பதி வரைக்கும். மூன்றும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். ஆளுக்கு ஒன்று சொல்லி வைத்திருக்கிறாள்.

முடிவாகவில்லை. மழைக்கு முன் கூரை என்று நான் சொன்னதற்கு, உன்னை யார் கேட்டது என்றார்கள். இதற்கிடையில் அடுத்த சீட்டுக்கு மாதனூரிலிருந்து புதிதாக ஒரு பெண் சேர்கிறாள். அவள் தவணை தேதியைப் பத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கிறாள். கம்பெனியில் சம்பளம் ஏழாம் தேதி போடுகிறான், முதல் ஞாயிறுக்குள் எப்படிக் கட்டுவது என்கிறாள். அம்மா ஒத்துக்கொண்டிருப்பாளா என்று பக்கத்து இருக்கைக்காரியிடம் கேட்க வேண்டும்.