கருவூலம் எதை நம்பி வாழலாம்?

1937 அக்டோபர் 1 அன்று சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. இன்றைய சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி என நான்கு மாவட்டங்களும் அப்போது அந்த ஒரே ஜில்லாவுக்குள் இருந்தன. 1931 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 24 லட்சம். இந்தியாவில் சட்டப்படியான மதுவிலக்கு முதலில் நடைமுறைக்கு வந்தது இந்த ஜில்லாவில்தான். சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பொறுப்பேற்று மூன்று மாதம்கூட முடியாத ராஜாஜிக்கு இந்த மண் புதிதல்ல. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். 1925-இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர். மதுவுக்கு எதிராக மட்டுமே ‘விமோசனம்’ என்றொரு பத்திரிகையை அங்கிருந்து நடத்தியவர். அதில் அவருக்குத் துணையாக உழைத்தவர் கல்கி. இதெல்லாம் அடிக்கடி சொல்லப்படும் கதை. அதே கதையின் மறுபாதியைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. மாகாண அரசுக்கு அன்று நிலவரிக்கு அடுத்த பெரிய வருமானம் கலால்தான். சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு என்று விரிய விரிய அந்த வருமானம் கரைந்தது. ஈடுகட்ட 1939-இல் ராஜாஜி அரசு பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவின் முதல் பொது விற்பனை வரி அதுதான். வியாபாரிகள் கொதித்தார்கள்; அரசு பின்வாங்கவில்லை. மது கூடாது என்று சொன்ன அரசு, மதுப் பணம் இல்லாமல் வாழும் வழியையும் தானே தேடிக்கொண்டது. இந்த இரண்டாவது செயலில்தான் அந்தச் சோதனையின் அறம் இருக்கிறது என்பது என் வாதம். தீமை என்று தானே ஒப்புக்கொள்ளும் ஒன்றின் வருவாயைக் கொண்டு அரசு நன்மை செய்யலாமா என்ற கேள்விக்கு, வாய்ச்சொல்லாக அல்லாமல் சட்டமாகவே அது ஒரு விடை தந்தது.

இந்தக் கேள்வியைக் குடி பாவமா இல்லையா என்ற கேள்வியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் தமிழ் மரபு ஒரே குரலில் பேசவும் இல்லை. தகடூர் அதியமான், அதாவது இன்றைய தர்மபுரியின் அதியமான், கள் கிடைத்தால் அவ்வையோடு பகிர்ந்து உண்டவன். அவன் இறந்தபோது அவ்வை பாடிய கையறுநிலைப் பாட்டில் அந்தப் பகிர்தல் அன்பின் அடையாளமாகவே வருகிறது. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். ஆனால் புலால் மறுத்தலை அறத்துப்பாலில் துறவறத்தின் கீழ் வைத்தவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவே வைத்தார். குடியை ஆன்மாவின் மாசாக மட்டும் அவர் பார்த்திருந்தால் இந்த இடம் பொருந்தாது. பொருளும் மதிப்பும் அறிவும் கரையும் வழியாக, ஆளுகையோடு தொடர்புடைய செய்தியாக அவர் பார்த்திருக்கிறார் என்றே கொள்கிறேன். மணிமேகலையில் வணிகன் சாதுவன் நாகர் தலைவனிடம் கள்ளையும் கொலையையும் விடச் சொல்கிறான். அவை இல்லாமல் எப்படி வாழ்வது என்று தலைவன் கேட்டதும், மூத்துத் தானாக இறந்த விலங்கை உண்ணலாம் என்று இடம் கொடுக்கிறான். மக்கள் நிற்கும் இடத்திலிருந்துதான் நெறியும் படிப்படியாகத் தொடங்க வேண்டும் என்பது அந்தக் காப்பியத்துக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் குடிப்பவனுக்குக் காட்டும் இந்தப் பரிவை மரபு விற்பவனுக்குக் காட்டவில்லை. பௌத்தம் இல்லறத்தாருக்கு விலக்கிய ஐந்து வாணிபங்களில் மது வாணிபமும் ஒன்று. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, நஞ்சு ஆகியவற்றோடு அதைச் சேர்த்து வைத்திருக்கிறது. குடித்தவன் சீலத்தில் தவறியவன், திருந்தலாம். விற்பவனுக்கோ அடுத்தவன் தவறுவதே பிழைப்பு. அவனுடைய நலன் அவனைத் திருந்த விடாது. அமைச்சனுக்கென்று வள்ளுவர் வகுத்த பகுதியில் வினைத்தூய்மை என்றோர் அதிகாரம் இருக்கிறது. பெற்றவளின் பசியைக் கண்ணால் கண்டாலும் சான்றோர் பழிக்கும் செயலில் இறங்காதே என்ற கருத்தை அவர் சொல்வது அங்கேதான். தனிமனிதனுக்கு இது தாங்க முடியாத கட்டளை. தாய் பட்டினி கிடக்கும்போது மகன் என்ன செய்தாலும் நான் மன்னிப்பேன். ஆனால் அமைச்சனின் நிலை வேறு. அவனிடம் வரி விதிக்கும் அதிகாரம் இருக்கிறது, வேறு வழி தேடக் கால அவகாசம் இருக்கிறது. தாயின் பசியைக் காட்டித் தன் செயலை நியாயப்படுத்த அவனுக்கு உரிமை குறைவு.

விலக்கு சரிந்த வரலாற்றைப் பார்த்தாலும் சரிந்தது பெரும்பாலும் கருவூலத்தின் பக்கமிருந்துதான். போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி அதை நிறுத்தியது. சுதந்திரத்துக்குப் பின் 1948-இல் மாகாணம் முழுவதும் திரும்ப வந்தது. 1971-இல் புதிதாக மதுவிலக்கைக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு மானியம் தருவதாக மத்திய அரசு சொன்னது. ஏற்கெனவே இழப்பைத் தாங்கிக்கொண்டிருந்த தமிழ்நாட்டுக்கு அது கிடைக்கவில்லை. கருணாநிதி அரசு ஆகஸ்ட் 30 முதல் விலக்கை நிறுத்திவைத்தது. 92 வயது ராஜாஜி மழையில் முதல்வரின் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டும் முடிவு மாறவில்லை. அன்றைய தமிழக அரசை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது என்றே நினைக்கிறேன். இழந்தவனுக்கு ஒன்றுமில்லை, இனி இழக்கப்போகிறவனுக்கு மானியம் என்ற தில்லியின் கணக்கும் அதில் பங்காளி. 1974-இல் கருணாநிதியே மறுபடி மூடினார். 1981-இல் எம்.ஜி.ஆர். அரசு திறந்தது, 1983-இல் டாஸ்மாக் மொத்த விற்பனை நிறுவனமாகப் பிறந்தது, 2003-இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது. அன்றிலிருந்து அரசு மது விற்பனையை அனுமதிக்கும் இடத்தில் மட்டும் இல்லை, கல்லாவிலும் உட்கார்ந்திருக்கிறது. 2023-24-இல் மதுவின் வழியாக வரியாகக் கிடைத்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்பவர்களிடம்தான் மிக வலுவான மறுப்பு இருக்கிறது. எம்.ஜி.ஆர். கடை திறந்த மறு ஆண்டுதான் சத்துணவும் வந்தது. இன்று பள்ளிப் பிள்ளைகளின் தட்டில் விழும் முட்டை நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு ஒரு நிலையான சந்தை. காலை உணவுத் திட்டம் இருக்கிறது, அரசு மருத்துவமனை இருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிப் பின்னர் ஒரு கோடியே 15 லட்சம் பெண்களை எட்டிய மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை, அந்த எண்ணிக்கையில் ஆண்டுக்குச் சுமார் 13,800 கோடி. இவற்றால் எத்தனை உயிர்கள் தழைக்கின்றன என்பது கண்கூடு. தீட்டுப்பட்ட பணம் என்று நான் இதைச் சொல்லவில்லை. குழந்தை தின்னும் முட்டையில் எந்தப் பாவமும் ஒட்டியிருக்கவில்லை. பணத்துக்கு அப்படி ஒட்டும் குணம் கிடையாது. என் கவலை கொடுப்பவனின் பார்வையைப் பற்றியது. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓட்டுகிறவரின் வாரக்கூலி, திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியில் மாதக்கணக்கில் வெளிமாநிலம் போய் வருகிறவரின் சம்பளம், நாமக்கல் லாரி ஓட்டுநரின் படி ஆகியவற்றில் ஒரு பகுதி கடைவழியாகக் கருவூலத்துக்குப் போய், அதில் ஒரு துண்டு மனைவியின் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வருகிறது. இடையில் ஒரு குடும்பத்தின் உழைப்பும் உடம்பும் நிம்மதியும் எவ்வளவு கரைந்தன என்பதை யார் எழுதுகிறார்கள்? வருமானம் ரூபாய் கணக்கில் சட்டமன்றத்தில் வாசிக்கப்படுகிறது. கெட்ட ஈரல், சாலை விபத்து, அடிபட்ட மனைவி, பாதியில் படிப்பை விட்ட மகள் ஆகியவற்றை மதுவின் செலவாகக் கூட்டிய ஆண்டுக் கணக்கு அங்கே வாசிக்கப்படக் காணோம். கணக்கை எழுத வேண்டியவரே கல்லாவில் இருப்பதுதான் அதற்குக் காரணம் என்று நம்புகிறேன்.

இதற்குக் கடை மூடல்களே சான்று. 2016-இல் ஜெயலலிதா 500 கடைகளை மூடினார். 2017 பிப்ரவரியில் சேலத்துக்காரரான எடப்பாடி பழனிசாமி 500. 2023 ஜூனில் ஸ்டாலின் அரசு 500. நெடுஞ்சாலையோரக் கடைகளை உச்ச நீதிமன்றம் அகற்றச் சொன்னதும் இதற்கிடையில்தான். 2016-க்கு முன் 6,800-ஐ ஒட்டியிருந்த கடைகள் 4,800 அளவுக்குக் குறைந்தன. அதே காலத்தில் வருவாய் 26,000 கோடி அளவிலிருந்து 45,000 கோடியைத் தாண்டியது. விலையேற்றம் இதில் ஒரு பங்கு என்பது உண்மை. ஆனாலும் குறைப்பதுதான் நோக்கம் என்றால், குறைந்ததா என்று பார்க்க வேண்டிய அளவு கடை எண்ணிக்கையா? சேலம் மாவட்டத்துக் காந்தியவாதி சசி பெருமாள், 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டத்தில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிச் செல்பேசிக் கோபுரத்தில் ஏறி நடத்திய போராட்டத்தில் இறந்தார். ஓர் உயிர் கேட்டது ஒரே ஒரு கடையின் மூடலை. அவரைப் போன்றவர்களுக்கு அரசு தர வேண்டிய விடை கடைகளின் எண்ணிக்கையில் இல்லை. தன் வரவில் மதுவின் பங்கு அடுத்த ஆண்டு எவ்வளவு குறையும் என்று சொல்வதில் இருக்கிறது.

விலக்கு வந்தால் கள்ளச்சாராயம் வரும் என்பது அடுத்த மறுப்பு. அதை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. 2024 ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொன்றது. பலர் சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டுச் சிகிச்சை பெற்றார்கள். ஆனால் அது நடந்தபோது மதுவிலக்கு இல்லை. அரசுக் கடைகள் திறந்தே இருந்தன. அங்கே விற்கும் பாட்டிலின் விலை எட்டாத கூலிக்காரர்கள்தான் பாக்கெட் சாராயத்தை வாங்கினார்கள். வருமானத்துக்காக விலையை ஏற்ற ஏற்ற, ஏழைக்கு மிஞ்சுவது நஞ்சுதான். கள்ளச்சாராயத்தைத் தடுப்பது காவலின் நேர்மையும் மெத்தனால் நடமாட்டத்தின் மீதான கண்காணிப்பும். கடை திறந்திருப்பதோ மூடியிருப்பதோ தனியே அதைச் செய்யாது. அதனால்தான் நாளைக்கே முழு விலக்கு என்று நான் கேட்கவில்லை. 1937-இன் சேலத்தைப் பற்றி, ஏழைக் குடும்பங்களின் செலவு சோற்றுக்கும் துணிக்கும் திரும்பியது என்று சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பி.ஜே. தாமஸ் அன்றே ஆய்ந்து எழுதினார். அது உண்மையான பலன், மதிக்கத் தக்கது. ஆனால் அது முதல் ஓராண்டின் சித்திரம், ஒரு ஜில்லாவின் சித்திரம். எண்பத்தைந்து ஆண்டுக்கு மேலான இடைவெளியில், நாலு திசையிலும் லாரி ஓடும் நாட்டில், அதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது.

குடிப்பது அவரவர் விருப்பம், அரசுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதை முழுதாக ஏற்றுக்கொண்டால்கூட இன்றைய ஏற்பாடு நிற்காது. விருப்பத்தை மதிக்கும் அரசு தானே ஏன் ஏகபோக வியாபாரியாக இருக்க வேண்டும்? பனையும் தென்னையும் உள்ள உழவன் இறக்கும் கள் 1987 முதல் குற்றம்; ஆலையில் வடித்த பிராந்தி அரசின் சரக்கு. கொங்கு விவசாயிகள் கள்ளுக்கு அனுமதி கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடுகிறார்கள். கள் உடலுக்கு நல்லதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் இரண்டுமே மது என்னும்போது, எளியவன் விற்றால் சிறை, கருவூலம் விற்றால் நலத்திட்டம் என்ற பாகுபாட்டுக்கு சுதந்திரத்தின் பெயராலும் அறத்தின் பெயராலும் நியாயம் சொல்ல முடியாது. அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவு மதுவிலக்கை நோக்கி நடக்கச் சொல்கிறது. அந்தத் திசையில் நடக்கிறோமா என்பதைக் கேட்க யாருக்கும் உரிமை உண்டு.

நடக்கவிடாமல் காலைக் கட்டியிருப்பது எது என்று பார்த்தால் வரலாறு வேதனையான இடத்தில் வந்து நிற்கிறது. மதுவை விட்டு நிற்க 1939-இல் கண்டுபிடித்த விற்பனை வரி, பிற்காலத்தில் மாநிலங்களின் முதுகெலும்பாக வளர்ந்தது; 2007-இல் மதிப்புக் கூட்டு வரியாக மாறியது; 2017-இல் பெரும்பகுதி ஜி.எஸ்.டி.க்குள் போய்விட்டது. அதற்குள் போகாமல் மாநிலத்தின் கையில் மிஞ்சிய பெரிய வரிகள் எரிபொருளும் மதுவும். மாற்றாகப் பிறந்தது கைவிட்டுப் போக, எதற்கு மாற்றாகப் பிறந்ததோ அது நிலைத்துவிட்டது. ஆகவே தமிழ்நாட்டில் மதுவைக் குறைக்கும் பேச்சு, மாநிலங்களுக்கு வரி விதிக்கும் இடத்தைத் திருப்பிக் கேட்கும் பேச்சும்தான். 1971-இல் மறுக்கப்பட்ட ஈட்டுத்தொகையை நிதி ஆணையங்களிடம் மதுப் பங்கைக் குறைக்கும் கால அட்டவணையோடு சேர்த்துக் கேட்க வேண்டும். அட்டவணை இல்லாமல் கேட்டால் அது வெறும் பணக் கோரிக்கை. சொந்தமாகத் தேடும் வழியும் அடைபட்டுவிடவில்லை. கனிம நிலங்களுக்கு வரி விதிக்கும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபின், தமிழ்நாடு அதற்குச் சட்டம் செய்து 2025 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சேலத்து மாக்னசைட்டும் நாமக்கல் கல்குவாரிகளும் உள்ள இந்த வட்டாரத்துக்கு அது நேரடிச் செய்தி. குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், 1939-இல் வியாபாரிகள் எதிர்த்ததைப் போலவே. இப்படி வரும் ஒவ்வொரு புதிய ரூபாயும் மதுவின் பங்கில் எத்தனை ரூபாயைக் குறைக்கப் போகிறது என்பதை நிதிநிலை அறிக்கையிலேயே எழுதச் சொல்லி, அதைச் சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் கேட்க வேண்டும். முதலில் கேட்க வேண்டியவர்கள் சேலம், நாமக்கல் உறுப்பினர்கள்.